சோழகத்தில் கரையில் நிற்பவை: வன்னிக் கடலோரத்தில் ஒரு வைகாசி நாள்

மன்னாருக்குப் பறவை பார்க்க எப்போது போகலாம் என்று கேட்டால் யாரும் மார்கழி, தை என்றுதான் சொல்வார்கள். வாடைக் காற்றோடு வந்திறங்கிய ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் வங்காலைச் சதுப்பை நிறைத்திருக்கும் காலம் அது. பதிலில் பிழையில்லை. ஆனால் எல்லோரும் அதே பதிலைச் சொல்வதால் ஒரு குறை விழுந்துவிட்டது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதும் தையில்தான். ஆகவே கரையோரத்தில் காற்றாலையோ இறால் பண்ணையோ வருகிறபோது பேச்சில் அடிபடும் எண்கள் பெரும்பாலும் மாரிகால எண்கள். மாரியில் நாம் பார்ப்பது விருந்தாளிகளை. வைகாசி, ஆனியில் அதே மணலில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் வீட்டுக்காரரைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு.

கோடைத் தொடக்கத்தில் போகிறவர் முதலில் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கில் எதுவும் எழும்பாது. ஒரு நாள் முழுக்க அலைந்து நாற்பது, ஐம்பது இனம் கண்டால் நல்ல நாள். ஆனால் அவற்றுள் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வேலையில் இருக்கும்: குழி பறிக்கும், மீன் சுமக்கும், நாயை விரட்டும், குஞ்சை மறைக்கும். அதைப் படிப்பதுதான் இந்தப் பருவத்துப் பறவை பார்த்தல்.

போனவையும் தங்கியவையும்

வலசை வந்த உள்ளான்களில் பெரும்பகுதி சித்திரை முடிவதற்குள் வடக்கே கிளம்பிவிடும். கிளம்புமுன் நிறம் மாறும். சாம்பலாக நின்ற வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகும். உப்புக்கொத்திகளின் மார்பில் செம்பட்டை ஏறும். ஆகவே வைகாசிக் கடைசியில் ஒரு வளைமூக்கு உள்ளான் கூட்டம் இன்னும் சாம்பலாகவே சேற்றைக் குத்திக்கொண்டு நின்றால், அவை பெரும்பாலும் போன வருடம் பொரித்த இளம் பறவைகள். முதல் வருடத்தில் முட்டையிடப் போவதில்லை என்பதால் பல்லாயிரம் கிலோமீற்றர் பறந்து திரும்ப அவற்றுக்குத் தேவையில்லை. இங்கேயே கோடையைக் கழித்துவிடும். நண்டுதின்னியும் அப்படியே. அதன் கூடுகள் பெரும்பாலும் பாரசீக வளைகுடா, செங்கடல் கரைகளில் மணலைக் குடைந்து செய்த பொந்துகள். ஆனி மாதத்தில் மன்னார்க் கரையில் முதுகு சாம்பலாக நிற்கும் நண்டுதின்னியைக் கண்டால் அது கூட்டுக்குப் போகாத இளசு என்று எழுதலாம். வயதையும் இறகின் நிறத்தையும் குறிக்காமல் ‘வளைமூக்கு உள்ளான் 60’ என்று மட்டும் எழுதும் பதிவு இந்தப் பருவத்தில் அரைப் பதிவுதான்.

பூநாரைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. நீரின் அளவும் உப்பும் ஒத்துவரும் வருடங்களில் சில கூட்டங்கள் வைகாசி வரை தாமதிக்கும். இருந்தால் பாருங்கள்; அவற்றை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

இனி வீட்டுக்காரர். மணற்கரையில் முதலில் தேட வேண்டியது ஊர்க்குருவியை விடச் சற்றுப் பெரிதான, மணல் நிற முதுகும் வெள்ளை வயிறுமாக ஓடி ஓடி நிற்கும் ஒரு சிறு உப்புக்கொத்தி. இதை நெடுங்காலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகவே கணக்கு வைத்திருந்தார்கள். 1915இல் ஹார்டர்ட்டும் ஜாக்சனும் சீபோமி என்று பெயரிட்ட கிளை அது. மரபணு, உடல் அளவு, நிறம் எல்லாவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தபோது இது தனி இனம் என்று ஆயிற்று. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் இதற்கு வைத்த பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமர் அணை என்று நம் ஆட்கள் சொல்லும் மணற்திட்டிகளின் இரு கரையிலும் உள்ள பறவைக்குப் பொருத்தமான பெயர்தான். மாரியில் வடக்கிலிருந்து வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியும் இதனோடு கலந்து நிற்கலாம். வைகாசியில் அந்தக் குழப்பம் அநேகமாக இல்லை: குழியும் குஞ்சுமாக நிற்பது நம்முடையது.

அடுத்தது ஆலாக்கள். கடல் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தலைகீழாய் விழும் மிகச் சிறிய ஆலா இரண்டு இனமாக இருக்கலாம்: சின்ன ஆலா, சோண்டர்ஸ் ஆலா. முட்டையிடும் பருவத்தில் இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கறுப்பு நுனி, வெள்ளை நெற்றி. சின்ன ஆலாவின் நெற்றி வெள்ளை கண்ணுக்கு மேலே கூராகப் பின்னோக்கி ஓடும். சோண்டர்ஸில் அது சதுரமாகக் கண்ணோடு நிற்கும், இறக்கையின் வெளி இறகுகளில் கறுப்பு அகலமாக இருக்கும், கால் மங்கலாக இருக்கும். சொல்வது சுலபம். நூறு மீற்றருக்கு அப்பால், காற்றில், கானல் வழியாக இதைப் பிரிப்பது சுலபமல்ல. ‘சின்ன அல்லது சோண்டர்ஸ்’ என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தப்பான உறுதியை விட நேர்மையான ஐயம் பிறகு வேலை செய்பவருக்கு உதவும்.

தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணற்திட்டிகளில் கொண்டை ஆலா உட்படப் பல ஆலா இனங்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. 2015இல் அந்தப் பகுதி கடல்சார் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடல் எல்லைக்கு அருகே இருப்பதால் கடற்படையின் கண்காணிப்பும் உண்டு. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் வள்ளக்காரரிடம் காசு கொடுத்துப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்க, ஒரு திட்டியில் ஒரே நேரம் ஆறு பேர் இறங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கீழே பார்ப்போம்.

கடலை விட்டு உள்ளே வந்தால் தரவை. மழைக்குப் பின் நீர் நின்று, வைகாசியில் வெடித்து உலர்ந்து கிடக்கும் உப்புப் புல்வெளி. இங்கே ஆட்காட்டி, மஞ்சள் மூக்கு ஆட்காட்டி, வானம்பாடி ஆகியவை வெறும் தரையில் முட்டையிடும். பற்றைகளில் கௌதாரி கூவும். இலங்கையின் மற்றப் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் மன்னாரில் கௌதாரியையும் கரிக்குருவியையும் கண்டு துள்ளுவார்கள். இங்குள்ளவருக்கு அது வேலியோரப் பறவை. பூநகரிப் பக்கம் ஒரு மணல் முனைக்கே கௌதாரிமுனை என்று பெயர்.

காற்று, நீர், கானல்

நாளைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான். பறவைகள் அதற்குப் பிறகு.

நம் கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயரம் அதிகமில்லை. பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில்கூட முக்கால் மீற்றரைத் தாண்டுவது அரிது. ஆனால் தரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் ஒரு சாண் நீர் இறங்கினாலே நூற்றுக்கணக்கான மீற்றர் சேறு வெளியே வரும். வற்று நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஆகவே ஒரு நாள் பார்த்த நேரத்தை வைத்து அடுத்த வாரத்துக்குத் திட்டமிட முடியாது.

அட்டவணையை மட்டும் நம்பிப் போகிறவர் ஏமாறுவது காற்றால். சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வங்காலைப் பக்கம் மன்னார் வளைகுடாவின் தலைமாட்டில் இருப்பதால், பலத்த சோழகம் நீரைக் கரைக்குள் நெருக்கித் தள்ளும். அட்டவணை வற்று என்று சொன்னாலும் சேறு தெரியாது. அதே நாளில் தீவின் வடகரையில் நீர் வழக்கத்தை விட விலகிக் கிடக்கலாம். ஒரு பக்கம் மூடியிருந்தால் மறு பக்கம் போய்ப் பாருங்கள். கரையில் களங்கண்டி என்னும் மீன்பிடி வேலி வைத்திருப்பவரிடம் ‘இண்டைக்கு எப்ப வத்தும்’ என்று கேட்பது எந்தக் கைபேசிச் செயலியையும் விட நம்பகமானது. அவருடைய பிழைப்பே அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

கானல் காலை 9 மணிக்கே தொடங்கிவிடும். 60 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி அப்போது பயன்படாது. பறவையோடு கானலும் 60 மடங்காகும். 20, 25 மடங்குக்கு இறக்கி, கண்ணை நிலத்திலிருந்து உயர்த்தி, அருகே உள்ளதை மட்டும் பாருங்கள். முக்காலியின் கால்களை முழுதாக நீட்டாமல், நடுத் தண்டை உயர்த்தாமல், கீழே ஒரு நீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. மணல் பறக்கும் இடத்தில் வில்லையைத் துணியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு நல்ல நீரால் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். கையில் பிடிக்கும் பைனாகுலர் 8 மடங்குதான் இந்தக் காற்றுக்குச் சரி. 10 மடங்கு நடுங்கும்.

ஆளுக்கு 3 லீற்றர் குடிநீர் எடுத்துக்கொள்ளுங்கள். மரமில்லாத தரவையில் அதற்குக் குறைந்தால் பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விடியலிலிருந்து இருட்டும் வரை

வைகாசியில் மன்னாரில் சூரியன் உதிப்பது 5.50 அளவில். 5.30க்கே இடத்தில் நில்லுங்கள். வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மதவாச்சி - மன்னார் வீதி அதனூடாகவே போகிறது. பெருநிலப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். பறவையின் நிறம் உள்ளபடி தெரியும். பாலத்தைக் கடந்து தீவுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்ப்பவருக்குக் கறுப்பு உருவங்கள்தான் கிடைக்கும். முதல் ஒன்றரை மணி நேரத்தை இங்கேயே செலவிடலாம். பவளக்கால் உள்ளான்களைக் கவனியுங்கள்: கூட்டமாக மேய்ந்தால் பொருளில்லை, ஒன்று தலைக்கு மேல் வந்து ‘கிக் கிக்’ என்று விடாமல் கத்தினால் உமரிப் பற்றைக்குள் நாலு முட்டை இருக்கிறது.

வாகனத்துக்குள் இருந்து பார்ப்பது நல்லது. வீதியில் ஓடும் வாகனத்துக்குப் பறவைகள் பழகியவை. கதவு திறந்து இறங்கும் மனித உருவத்துக்குப் பழகியவை அல்ல. ஆனால் பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும். தார் விளிம்பை விட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள்.

7.30க்கு மேல் மணற்கரை. தென்கரையில் தம்பபவனிக் காற்றாலையின் 30 கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். 2020 கடைசியில் திறந்தது, 103.5 மெகாவாட். அவை அதிகமாகச் சுழல்வது சோழகக் காலத்தில். அதாவது கடலுக்கும் உள்நீருக்கும் இடையே மீனோடு போய்வரும் ஆலாக்களின் கூடு காலத்தில். வலசைப் பறவைகளைப் பற்றிய கவலை பேசப்பட்ட அளவுக்கு இது பேசப்படவில்லை. கோபுர வரிசைக்குக் குறுக்கே எந்த உயரத்தில், எத்தனை ஆலா, எந்தத் திசையில் போகிறது என்று அரை மணி நேரம் எண்ணி எழுதினால் அது வெறும் பட்டியலை விடப் பெறுமதியான பதிவு.

ஆலாவின் வாயைப் பாருங்கள். வாய் வெறுமையாக முன்னும் பின்னும் அலைந்தால் இரை தேடுகிறது. நெத்தலியை அலகின் குறுக்கே பிடித்தபடி ஒரே நேர்கோட்டில் போனால் அந்தத் திசையில் துணையோ குஞ்சோ காத்திருக்கிறது. இரண்டு, மூன்று பறவைகளின் கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் கூடு எங்கே என்று போகாமலே தெரிந்துவிடும். போகாமல் தெரிந்துகொள்வதுதான் திறமை.

10 மணிக்கு மேல் 3 மணி வரை கரையில் வேலையில்லை. கட்டுக்கரைக்குளத்தின் அணைக்கட்டு மரநிழல் அந்த நேரத்துக்கு நல்லது. நீர் வற்றிய விளிம்பில் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் ஒடுங்கி நிற்கும். இல்லையென்றால் விடத்தல்தீவுக் கண்டல் ஓரம். சாப்பாட்டு நேரம் என்றும் சொல்லலாம்.

மாலையில் தலைமன்னார் வடகரை. அங்கே கடலைப் பார்த்து நின்றால் காற்றும் முதுகில், வெயிலும் முதுகின் இடப்புறம். 4.30க்குப் பிறகு திட்டிகளை நோக்கித் திரும்பும் ஆலாக்கள் கரையோரமாகத் தாழப் பறக்கும். எதிர்க்காற்றில் உயரப் பறக்க எந்தப் பறவையும் விரும்பாது. கொண்டை ஆலாவை எண்ண இதை விட நல்ல இடமும் நேரமும் இல்லை. சூரியன் மறைவது 6.25 அளவில்.

ஒரு முட்டை எப்படிக் கெடுகிறது

இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் கெடுப்பவர் அநேகமாகக் கெடுத்ததை அறியார்.

உப்புக்கொத்தி, ஆலா இரண்டும் கூடு என்று எதையும் கட்டுவதில்லை. மணலில் நெஞ்சால் ஒரு சிறு குழி, சில சிப்பித் துண்டுகள், அவ்வளவுதான். இரண்டு அல்லது மூன்று முட்டை. ஆலா மூன்று கிழமை அளவும் உப்புக்கொத்தி ஏறத்தாழ நாலு கிழமையும் அடைகாக்கும். குளிர் நாடுகளில் அடைகாத்தல் என்றால் சூடாக்குவது. இங்கே நண்பகலில் அது குளிர்விப்பது. மணலின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டும். கருவோ 40ஐச் சற்றுத் தாண்டினாலே தாங்காது. ஆகவே பறவை முட்டை மேல் குந்தாமல் நின்று நிழல் கொடுக்கும். நீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டையைத் தொடும். இந்த ஓட்டத்தைத் தொலைவிலிருந்து பார்க்கலாம்.

நீங்கள் கிட்டப் போனால் உப்புக்கொத்தி எழுந்து நடக்கும். சத்தம் போடாது, சண்டை பிடிக்காது. தலையை ஆட்டியபடி சற்று ஓடி நிற்கும், பின் பொய்யாக ஓரிடத்தில் குந்தும், சிலவேளை சிறகு முறிந்ததுபோல் இழுத்துக்கொண்டு போகும். படம் எடுக்க இதைவிட நல்ல தருணம் இல்லை என்று பலர் அங்கேயே கமராவோடு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் முட்டைக்கு மேல் நேர் வெயில். காலை 8 மணிக்கு என்றால் பிழைக்கலாம். 12 மணிக்கு என்றால் அவிந்துவிடும். அடுத்த நாளும் பறவை அதே முட்டை மேல் குந்தியிருக்கும், அதற்குத் தெரியாது.

இரண்டாவது ஆபத்து காகம். மனிதர் நடந்த இடத்தைக் காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். பறவை எழும்பிய புள்ளியை நினைவில் வைத்து நாம் திரும்பியதும் இறங்கும். நாய்க்கு நம் கால்தடமே வழி. ஆகவே கரையில் 100 மீற்றர் தள்ளி நில்லுங்கள். ஏதாவது ஒரு பறவை நம்மால் எழும்பினால் வந்த வழியே திரும்புங்கள். நீர் விளிம்பில், ஈர மணலில் நடப்பது பாதுகாப்பு. முட்டை இருப்பது அதற்கு மேலே, இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் தொடங்கும் உலர்ந்த பட்டையில். கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் அந்தப் பட்டையை யாரும் குறுக்கு வழியாகத்தான் நினைக்கிறார்கள்.

உள்நீர்த் திட்டிகளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. மாரி நீர் சூழ்ந்திருக்கும் வரை சிறு மணற்திட்டி தீவுதான், நாயோ கீரியோ வராது. வெயில் ஏற ஏற நீர் வற்றித் தரையோடு ஒட்டிவிடும். ஒட்டுமுன் குஞ்சு பறக்கப் பழகினால் தப்பும். முதல் முட்டை போய் இரண்டாம் முறை இட்டவை பெரும்பாலும் இந்தப் பந்தயத்தில் தோற்கும். ஒரே ஒரு தொந்தரவு முழுப் பருவத்தையும் கெடுப்பது இப்படித்தான்.

கிழக்குக் கரை வேறு கணக்கு

முல்லைத்தீவுப் பக்கம் எல்லாம் தலைகீழ். சோழகம் நிலத்தின் மேலாக வந்து கடலுக்குப் போவதால் கடல் அடங்கிக் கிடக்கும். ஆகவே மீன்பிடியின் பருவமும் இதுவே. நாயாறு, கொக்கிளாய் கரைகளில் மீனவர் தங்கும் வாடிகள் முளைத்திருக்கும், கரைவலை இழுக்கும். வலையை உழவு இயந்திரத்தால் இழுக்கிற இடங்களில் சக்கரம் ஏறியிறங்குவது சரியாக அந்த உலர்ந்த பட்டையில்தான். ஒரு இழுவைக்கு முன்னும் பின்னும் பல தடவை. கரைவலைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்கள் முட்டையைப் பார்த்ததில்லை, அது தெரியாதபடி இருப்பதற்காகவே அப்படி நிறம் கொண்டது. சக்கரத்துக்கு ஒரே தடத்தை ஒதுக்கி அதிலேயே போய்வந்தால் சேதம் பெருமளவு குறையும். வாடி முதலாளிகளுக்கும் மணலில் புதையாத தடம் வசதிதான்.

பார்க்கும் இடம்: கடலுக்கும் நீரேரிக்கும் இடைப்பட்ட மணல் வரம்பில் காலையில் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் நந்திக்கடலோ நாயாறோ முன்னால் வெளிச்சத்தில் விரியும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில். அந்த நாட்களில் வீதியும் கரையும் சனத்தால் நிறையும், பறவைக்கென்று வேறு நாள் பாருங்கள். சுண்டிக்குளம் 1938இலிருந்து சரணாலயம், 2015இலிருந்து தேசிய பூங்கா. ஆனிக்குள் அதன் பெரும்பகுதி வெறும் உப்புத் தரையாகும். நீர் மிஞ்சிய மூலையைக் கண்டுபிடித்தால் எல்லாப் பறவையும் அங்கேதான்.

மிதிவெடி அகற்றாத நிலம் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இன்னும் உண்டு. மண்டையோட்டுப் பலகை, சிவப்பு முளைகள், நாடா எதைக் கண்டாலும் திரும்புங்கள். அடையாளம் இல்லாத பற்றைக்குள்ளும் ஆட்கள், மாடுகள் நடந்த தடம் இல்லாமல் காலடி வைக்க வேண்டாம். முகாம்களுக்கு அருகே பெரிய வில்லையுள்ள கமராவை நீட்டினால் கேள்வி வரும். அடையாள அட்டையும், முன்கூட்டியே போய்ச் சொல்லிவைப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். அனுமதி ஒரு காரணம். ஆலாக் கூட்டம் முழுவதும் அதைப் பருந்தென்று நினைத்து எழும்பும் என்பது மற்றக் காரணம்.

எழுதி வைப்பது

இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் இடுவதானால் ஒரு நாளை ஒரே பட்டியலாக்காதீர்கள். வங்காலை ஒன்று, தென்கரை ஒன்று, குளம் ஒன்று என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரம், நடந்த தூரம். கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தைத் துல்லியமாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்தி, அதே அளவில் கூட்டத்தை வெட்டிக்கொண்டு போங்கள். ‘நிறைய’ என்பது எண் அல்ல. இனப்பெருக்கக் குறியீட்டை நிரப்புங்கள்: மீன் சுமந்தது, முறிசிறகு நடிப்பு, குஞ்சு. காலில் நிறக்கொடியோ வளையமோ கண்டால் எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறம், எழுத்து என்று அந்த வரிசையிலேயே குறியுங்கள். கூட்டின் சரியான இடத்தைப் பொதுவில் இடாதீர்கள். ஊர்ப் பெயர் போதும்.

பறவை வரிசை முடிந்த பின் கீழே இன்னொரு வரி: கரையில் எத்தனை நாய், எத்தனை காகம், எத்தனை மாடு, சக்கரத் தடம் உலர்ந்த பட்டையில் இருந்ததா, ஈர மணலில் இருந்ததா. மன்னார்த் தீவென்றால் கட்டாக்காலிக் கழுதைகளையும் சேர்த்து.